சமுத் சோங்கிராம்: ஏற்றவற்றம் பார்த்துப் போக வேண்டிய ஊர்

குன்னூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "டிசம்பர் மாதத்தில் மாமியார், கணவர், பத்து வயது மகளுடன் பாங்காக் செல்கிறோம். அருகே சமுத் சோங்கிராம் என்ற சிறிய கடலோர மாகாணத்தில் கோயில்களும் கால்வாய்களும் அழகாக இருக்கும் என்றார்கள். காலையில் போய் மாலையில் திரும்பிவிட முடியுமா? மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. சைவம் மட்டுமே சாப்பிடுவார்."

காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். பெரும்பாலானோர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அங்கே ஓர் இரவாவது, முடிந்தால் இரண்டு இரவுகளாவது தங்குங்கள் என்பதே என் பதில். கோத்தகிரியிலிருந்து நானும் என் மனைவியும் மூன்று முறை அந்தப் பக்கம் சென்று வந்திருக்கிறோம். முதல் முறை அவசரமாகப் போய் ஏமாந்ததால்தான் அடுத்த இரண்டு முறையும் சரியாகப் பார்க்க முடிந்தது. அந்த அனுபவத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் பெயர். 'சமுத்' என்பது சமுத்திரம். 'சோங்கிராம்' என்பது சங்கிராமம், அதாவது போர். வடமொழிச் சொற்கள் தாய்லாந்து மக்களின் நாவில் இப்படி உருமாறியிருக்கின்றன. பாங்காக்கிற்குத் தென்மேற்கே எழுபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில், மேக்லோங் ஆறு தாய்லாந்து வளைகுடாவில் கலக்கும் இடத்தில் இந்த மாகாணம் அமைந்திருக்கிறது. பாங்காக்கையும் சேர்த்து அந்நாட்டில் உள்ள 77 நிர்வாகப் பகுதிகளில் பரப்பளவில் மிகச் சிறியது இதுதான். ஏறத்தாழ 417 சதுர கிலோமீட்டர், அதாவது நம் நீலகிரி மாவட்டத்தில் ஆறில் ஒரு பங்கு. மேக்லோங் நகரைக் கொண்ட தலைநகர் வட்டம், அம்ப்பவா, பாங் கோன்தி என மூன்றே வட்டங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் தென்னந்தோப்பு, பம்பளிமாசுத் தோட்டம், அவற்றை ஊடறுத்துச் செல்லும் கால்வாய்.

மலையில் பிறந்து வளர்ந்த நமக்கு அங்கே பழக வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நம் காட்டேரி ஓடையும் கல்லாறும் ஒரே திசையில்தான் ஓடும். மேலே மழை பெய்தால் பெருகும், பெய்யாவிட்டால் வற்றும். சமுத் சோங்கிராமில் நிலம் ஏறக்குறையக் கடல்மட்டத்திலேயே இருப்பதால், கடல் ஏறும்போது ஆற்றுநீர் பின்வாங்கி ஊருக்குள் இருக்கும் கால்வாய் வரை ஏறி வரும். கடல் இறங்கும்போது கால்வாயும் இறங்கி, அடியில் கிடக்கும் சேறு வெளியே தெரியும். காலையில் வீட்டுப் படியின் மேல்விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்த நீர், சில மணி நேரம் கழித்து ஆளுயரத்திற்குக் கீழே கிடப்பதை என் மனைவி முதல் நாள் நம்பவே இல்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்த ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். ஆண்டின் கடைசி மாதங்களில் ஏற்றத்தின் மட்டமே உயர்ந்து நிற்கும்.

உங்கள் மாமியாரின் முழங்காலுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. நீர் ஏறியிருக்கும் வேளையில் படகு படித்துறைக்குச் சமமாக நிற்கும்; கையைப் பிடித்துக்கொண்டு ஓர் எட்டு வைத்தால் போதும். வற்றிய வேளையிலோ பாசி படிந்த படிகளில் ஐந்தாறு படி இறங்கி, ஆடும் படகில் கால் வைக்க வேண்டும். ஆகவே அறை எடுக்கும்போதே விடுதிக்காரரிடம் அன்றைய ஏற்ற நேரத்தைக் கேட்டுக்கொண்டு, அதற்கேற்பப் படகுப் பயணத்தை வைத்துக்கொள்ளுங்கள். தாய்லாந்துக் கடற்படையின் நீர்நிலை வரைவியல் துறை ஆண்டுதோறும் ஏற்றவற்ற அட்டவணை வெளியிடுகிறது. கால்வாயோரம் வாழ்பவர்களுக்கோ அது மனப்பாடம்.

இனி எங்கள் முதல் பயணம். பாங்காக்கில் ஒரு பயண முகவரிடம், மிதக்கும் சந்தையும் கோயிலும் பார்க்க வேண்டும் என்று சொல்லிப் பணம் கட்டினோம். அன்று செவ்வாய்க்கிழமை. வண்டி எங்களை டம்னோன் சடுவாக் சந்தைக்கு அழைத்துச் சென்று, இரண்டு மணி நேரத்தில் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டது. அந்தச் சந்தை ராச்சபுரி மாகாணத்தில் இருக்கிறது, சமுத் சோங்கிராமில் இல்லை என்பதே எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. 'மிதக்கும் சந்தை' என்றவுடன் பயண முகவர்கள் பெரும்பாலும் அங்கேதான் அனுப்புகிறார்கள். நாள்தோறும் நடப்பதும் வெளிநாட்டவருக்கென்றே அமைந்துவிட்டதும் அதற்குக் காரணம். அந்தச் சந்தை இருக்கும் கால்வாயின் வரலாறு மட்டும் அருமையானது. நான்காம் ராமா மன்னர் காலத்தில், 1866 முதல் 1868 வரை, தா சின் ஆற்றையும் மேக்லோங் ஆற்றையும் இணைக்க முப்பது கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்தில் கையால் வெட்டியது அது. அதன் மேற்கு முனை சமுத் சோங்கிராமின் பாங் நோக் க்வேக் என்ற இடத்தில், மேக்லோங் ஆற்றில் வந்து முடிகிறது.

நீங்கள் பார்க்க வேண்டிய சந்தை அம்ப்பவா. அது வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாட்களில் மட்டும், பிற்பகலில் தொடங்கி இரவு வரை நடக்கும். சாலைகள் வந்ததும் படகு வணிகம் நலிந்து நின்றுபோன இந்தச் சந்தையை 2004-இல் உள்ளூர் மக்களும் நகராட்சியும் மீண்டும் தொடங்கினார்கள். கால்வாயின் இருபுறமும் பழைய மரக்கடை வீடுகள். படகில் அடுப்பு மூட்டிச் சமைப்பவர்கள். படித்துறையில் வரிசையாக உட்கார்ந்து உண்பவர்கள். அங்கே வருபவர்களில் பெரும்பாலோர் பாங்காக்கிலிருந்து வரும் தாய்லாந்துக் குடும்பங்கள்தாம். சனிக்கிழமை மாலை நெரிசல் மிகுதி; வயதானவரை அழைத்துச் செல்வதால் வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். டிசம்பர் 30, 31 தேதிகளை முற்றிலும் தவிர்த்துவிடுங்கள். புத்தாண்டு விடுமுறையில் அந்த ஊர் தாங்காது.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது தா கா என்ற சிறிய காலைச் சந்தை. வார இறுதியில் நடப்பதோடு, வளர்பிறையிலும் தேய்பிறையிலும் இரண்டாம், ஏழாம், பன்னிரண்டாம் நாட்களில் அது கூடுகிறது. நம் கணக்கில் துவிதியை, சப்தமி, துவாதசி. வீட்டு நாட்காட்டியிலேயே ஏறத்தாழப் பார்த்துக்கொள்ளலாம், ஒரு நாள் முன்பின் ஆகக்கூடும். அந்த நாட்களில் காலை நேரத்து நீர்மட்டம் துடுப்புப் படகு வந்துபோக ஏற்றதாக இருக்கும் என்பதே ஊரார் சொல்லும் காரணம். திதி பார்த்துச் சந்தை கூடும் வழக்கம் அங்கே சடங்குக்காக ஏற்பட்டதன்று, நிலவு கடலை இழுப்பதால் ஏற்பட்டது என்று புரிந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ஓலைத்தொப்பி அணிந்த பாட்டிமார்கள் தங்கள் தோட்டத்துக் காய்கறியையும் பழத்தையும் படகில் குவித்துக்கொண்டு வருகிறார்கள். காலை ஒன்பது மணிக்குள் போய்விடுவது நல்லது.

கோயில்களுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் பார்க்க முயல வேண்டாம், மூன்று போதும். அந்த மூன்றிலும் முதலாவது பாங் கோன்தி வட்டத்தில் உள்ள பாங் குங் கோயில். செங்கல்லால் கட்டிய சிறு வழிபாட்டு மண்டபத்தை அரசும் ஆலும் அவற்றின் இனத்தைச் சேர்ந்த வேறு இரு மரங்களும் முழுவதுமாகப் போர்த்தியிருக்கின்றன. நம் ஊர்க் கோபுரங்களில் அரசங்கன்று முளைத்தால், வேர் கற்களைப் பிளந்துவிடும் என்று உடனே பிடுங்கி எறிகிறோம். இங்கே கதை நேர்மாறானது: கவனிப்பாரற்றுக் கிடந்த காலத்தில் சுவரைச் சுற்றி இறங்கிய வேர்களே அந்தக் கட்டடத்தை இறுகப் பிடித்துச் சரியாமல் காத்து நிற்கின்றன. உள்ளே 'லுவாங் போ நின் மணி' என்று மக்கள் அழைக்கும் புத்தர், பக்தர்கள் ஒட்டிய தங்கத்தாளால் மின்னிக்கொண்டு அமர்ந்திருக்கிறார். சாளரத்தின் சட்டமே வேராக இருக்க, அதன் வழியே வரும் வெளிச்சம் அவர் மீது விழுகிறது. உள்ளே பத்துப் பேர் நின்றால் நிறைந்துவிடும் என்பதால் காலையிலேயே செல்லுங்கள்.

இந்த இடம் ஒரு போர்ப்பாசறையும்கூட. தாய்லாந்தை முன்பு ஆண்ட அயுத்தியா அரசின் இறுதிக் காலத்தில், பர்மியப் படை ஆற்று வழியே வருவதைத் தடுக்க இங்கே கடற்படை முகாம் அமைந்தது. 1767-இல் அயுத்தியா வீழ்ந்தபின், தக்சின் மன்னர் சீன மக்களைத் திரட்டி இந்த முகாமைக் காக்க வைத்தார். 1768-இல் பர்மியர் முற்றுகையிட்டபோது தக்சினின் படை வந்து அவர்களை விரட்டியது. வளாகத்தில் நிற்கும் தாய்க் குத்துச்சண்டை வீரர் சிலைகள் அந்த நினைவுக்காகவே. சிலைகளின் முன் உங்கள் மகள் நெடுநேரம் நிற்பாள். பிள்ளைகள் எல்லோரும் நிற்கிறார்கள்.

இரண்டாவது, மேக்லோங் நகரின் நடுவில் இருக்கும் பெட் சமுத் கோயில். கையில் பிச்சைப் பாத்திரத்துடன் நிற்கும் புத்தர் திருவுருவம் இங்கே இருக்கிறது. 'லுவாங் போ பான் லேம்' என்பது பெயர். பர்மியப் படையெடுப்புக்கு அஞ்சிப் பெட்சபுரிப் பக்கத்துப் பான் லேம் என்ற ஊரிலிருந்து இங்கே குடிபெயர்ந்த மீனவர்களின் வலையில் இரண்டு திருவுருவங்கள் சிக்கின என்றும், நின்ற திருவுருவம் இங்கும் அமர்ந்த திருவுருவம் பெட்சபுரியிலும் நிலைபெற்றன என்றும் அவ்வூர் மக்கள் சொல்கிறார்கள். கடலுக்குப் போகும் குடும்பங்கள் அங்கே வந்து வேண்டிக்கொள்வதைப் பார்த்தால், நம் கடற்கரை ஊர்களில் வேண்டுதல் செய்பவர்களின் முகம் நினைவுக்கு வரும்.

மூன்றாவது, அம்ப்பவாச் சந்தையை ஒட்டியிருக்கும் அம்பவன் செதியாராம் கோயிலும் அதன் அருகே உள்ள இரண்டாம் ராமா மன்னர் நினைவுப் பூங்காவும். அயுத்தியா வீழ்ந்த அதே 1767-இல், பிப்ரவரி 24 அன்று, அம்ப்பவாவில் பிறந்தவர் இந்த மன்னர். 1809 முதல் 1824 வரை ஆண்டார். அரசராக மட்டுமன்றிக் கவிஞராகவும் போற்றப்படுபவர். இராமாயணத்தின் தாய்லாந்து வடிவமாகிய 'ராமகியன்' காவியத்தை நாட்டியத்தில் நடிக்க ஏற்றவாறு சுருக்கி எழுதியவர். நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி அழைத்துச் செல்ல வேண்டும். அங்கே இராமன் 'ப்ரா ராம்', சீதை 'நாங் சீடா', இராவணன் 'தோசகன்', அதாவது தசகண்டன். சீதை இராவணனுடைய மகள் என்பதும், அனுமன் பிரம்மச்சாரி அல்லன் என்பதும் கம்பன் வழி வந்த நமக்கு முதலில் திகைப்பாக இருக்கும். கதை ஒன்றே என்று கடந்துவிடாமல், எங்கே மாறுகிறது என்று பார்ப்பதுதான் சுவை. பூங்காவில் உயரமான தூண்கள் மேல் நிற்கும் மரபுவழி மரவீடுகள், அக்காலத்து மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைக் காட்டுகின்றன. அவற்றின் மாடிப்படிகள் செங்குத்தானவை. மாமியாரை மரநிழலில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் ஏறுங்கள்.

கோயில்களில் தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். சேலையும் சுடிதாரும் தாராளமாகப் போதும். காலணியை வெளியே கழற்ற வேண்டும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புத்தர் திருவுருவத்தை நோக்கிக் காலை நீட்டி உட்காரக் கூடாது. பெண்கள் பிக்குகளைத் தொடக் கூடாது.

அடுத்து மேக்லோங் ரயில் சந்தை. இதை வேடிக்கைக் காட்சியாகவே எல்லோரும் பார்க்கிறார்கள். குன்னூர்க்காரர்களுக்கு இதில் இன்னும் நெருக்கமான ஒன்று இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து நம் ஊருக்கு ஏறும் மலை ரயிலின் பாதையும் மேக்லோங் பாதையும் ஒரே அகலம், ஒரு மீட்டர். நம்முடையது 1899-இல் குன்னூரையும் 1908-இல் உதகையையும் எட்டியது. மேக்லோங் பாதையும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்தது. நம் ரயில் கல்லாறிலிருந்து பல்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு மலையேறுகிறது. அந்த ரயில் உப்பளங்களுக்கு நடுவே ஏற்றமே இல்லாத சமவெளியில் ஊர்ந்து வந்து, கடைசிச் சில நூறு மீட்டர் சந்தைக்குள் நுழைகிறது. தண்டவாளத்தின் மீதே காய்கறியும் மீனும் பரப்பி வைத்திருப்பவர்கள், மணி ஒலித்ததும் துணிப்பந்தல்களை மடக்கி, சக்கரம் வைத்த பலகைகளைப் பின்னுக்கு இழுக்கிறார்கள். ரயில் கடந்ததும் எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிடுகின்றன. 'தலாட் ரோம் ஹுப்', குடை மடக்கும் சந்தை, என்று அதற்குப் பெயர் வந்தது இதனால்தான். நாளொன்றுக்கு நான்கு முறைதான் ரயில் வந்து போகும் என்பதால், நிலையத்தில் ஒட்டியிருக்கும் நேரத்தை முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். காலை எட்டரை மணி வாக்கில் வரும் முதல் ரயிலுக்குக் கூட்டம் குறைவு. மகளின் கையை விடாதீர்கள். ரயிலுக்கும் சுவருக்கும் இடையே உண்மையிலேயே ஒரு முழம்தான் இருக்கும்.

நேரம் இருந்தால் அந்த ரயிலிலேயே வரலாம் என்பது தனி இன்பம். பாங்காக்கின் வொங்வியன் யாய் நிலையத்திலிருந்து மகாசாய் வரை ஒரு பாதை. அங்கே இறங்கிப் படகில் தா சின் ஆற்றைக் கடந்து, பான் லேம் (மேலே சொன்ன ஊர் அன்று, வேறு) நிலையத்தில் மறுபாதையைப் பிடித்து மேக்லோங் வர வேண்டும். ஆற்றின் குறுக்கே பாலம் போடாததால் இரண்டு பாதைகளும் இன்றுவரை இணையவில்லை. கட்டணம் மிகச் சொற்பம். உங்கள் குடும்பத்துக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்; முழங்கால் வலியுடன் ஏறி இறங்கி அலைவது சிரமம். பாங்காக்கின் தென்பகுதிப் பேருந்து நிலையத்திலிருந்து மேக்லோங்கிற்கும் அம்ப்பவாவுக்கும் வேன்கள் செல்கின்றன; நால்வராக இருப்பதால் வாடகைக் கார் எடுத்தாலும் கட்டுப்படியாகும். மேக்லோங்கிலிருந்து அம்ப்பவா ஆறேழு கிலோமீட்டர்தான். இருபக்கமும் நீள இருக்கை கொண்ட 'சொங்தேவ்' வண்டிகள் ஓடுகின்றன.

உணவு. அந்த ஊரின் பெருமையே மீன்தான். 'பிலா தூ' எனப்படும், நம் அயிலைக்கு உறவான சிறு மீனை, மூங்கில் கூடையில் அடங்குவதற்காகக் கழுத்தை வளைத்து வேகவைத்து அடுக்குவார்கள். "வளைந்த முகம், ஒடிந்த கழுத்து" என்பதே மேக்லோங் மீனின் அடையாளம் என்று பெருமையோடு சொல்வார்கள். சைவம் உண்பவருக்குக் கவனம் தேவை. காய்கறிப் பொரியலிலும் மீன்சாறு ஊற்றுவார்கள். "இறைச்சி வேண்டாம்" என்றால் அவர்களுக்கு மீன்சாறு அதில் அடங்காது. 'ஜே' என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். "கின் ஜே" என்றால் மீன்சாறும் முட்டையும் பூண்டும் இல்லாத தூய சைவம் என்று புரிந்துகொள்வார்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் அந்தச் சொல்லை எழுதித் தொங்கவிட்டிருக்கும் கடைகளில் நம்பி உண்ணலாம். இருந்தாலும் அம்ப்பவாவில் அத்தகைய கடை எப்போதும் கிடைக்காது. அவலும் பருப்புப் பொடியும் ஊறுகாயும் எடுத்துச் செல்லுங்கள். பழத்துக்குக் குறைவில்லை. தேங்காய்ப்பாலில் செய்த இனிப்புகளில் முட்டை சேர்ந்தவையும் உண்டு என்பதால் கேட்டு வாங்குங்கள்.

தென்னஞ்சர்க்கரை காய்ச்சும் இடம் ஒன்றையாவது பாருங்கள். அம்ப்பவாவைச் சுற்றிப் பல உள்ளன. தென்னம்பாளையைச் சீவி வடியும் பதநீரைப் பெரிய வாணலிகளில் காய்ச்சி இறுக்குகிறார்கள். பதநீர் புளிக்காமல் இருக்க நாம் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசுகிறோம் அல்லவா? அவர்கள் ஒருவகை மரத்தின் சிராய்களைக் கலயத்தில் போட்டு வைக்கிறார்கள். வாங்கி வருவதானால் அங்கேயே காய்ச்சியதை வாங்குங்கள். சந்தையில் விற்பதில் வெள்ளைச் சர்க்கரை கலந்ததும் இருக்கிறது.

மின்மினிப் பயணத்தைப் பற்றிப் பலரும் கேட்பார்கள். கால்வாயோரம் நிற்கும் 'லம்பூ' என்ற அலையாத்தி இன மரங்களில் ஆண் மின்மினிகள் கூட்டமாக அமர்ந்து, ஒரே தாளத்தில் ஒளிர்ந்து அணையும். மழைக்காலமான மே முதல் அக்டோபர் வரை மிகுதி. டிசம்பரில் குறைவாகவே இருக்கும். நிலவில்லாத இரவும் ஏறிய நீரும் சேர்ந்தால் நன்றாகத் தெரியும். இதில் ஒரு வேண்டுகோள்: நீண்ட வால் மோட்டார் படகுகள் இரவெல்லாம் எழுப்பும் ஓசையால் கரையோரம் வாழ்பவர்கள் உறக்கம் இழக்கிறார்கள். துடுப்புப் படகு கிடைத்தால் காசு கூடினாலும் அதிலேயே செல்லுங்கள். கைவிளக்கை மரத்தின் மீது அடிக்காதீர்கள். இரவில் யானைக்கும் காட்டெருமைக்கும் வழிவிட்டு விளக்கைத் தணிக்கும் நமக்கு இது புதிதன்று.

ஆற்றுமுகத்தில் உள்ள டோன் ஹோய் லோட் சேற்றுத்திட்டு 2001-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. வற்றத்தின்போது மட்டும் வெளிப்படும் அந்தத் திட்டில், குச்சியில் சுண்ணாம்பு தொட்டுத் துளைக்குள் விட்டால் நீளச் சிப்பி மேலே வரும். பறவை பார்க்கும் ஆர்வம் இருந்தால் போங்கள், இல்லையென்றால் விட்டுவிடலாம். பாங் நோக் க்வேக்கில், 1890-களில் பிரெஞ்சுப் பாதிரியார்கள் ஆற்றங்கரையில் எழுப்பிய மாதா பேராலயத்தின் வண்ணக் கண்ணாடிகள் அரை மணி நேரத்துக்குத் தகுதியானவை.

நம் மலையிலிருந்து செல்ல, கொச்சி, பெங்களூரு, சென்னை ஆகிய மூன்றிலிருந்தும் பாங்காக்கிற்கு நேரடி விமானங்கள் உண்டு. விசா விதிகள் அவ்வப்போது மாறுவதால், பயணச்சீட்டு எடுக்கும் வாரத்தில் தூதரக அறிவிப்பைப் பாருங்கள். 2025 மே முதல் நடைமுறைக்கு வந்த இணையவழி வருகைப் படிவத்தை அங்கே போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். டிசம்பர் அவர்களுக்குக் குளிர்காலம், ஆனால் நமக்கு அங்கே வியர்க்கும். கம்பளியை விமான நிலையம் வரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வியாழன் மாலை போய்ச் சேர்ந்து சனி காலை புறப்படும்படி அமைத்துக்கொண்டால், வெள்ளிக்கிழமை முழுவதும் கையில் இருக்கும்: காலையில் ரயில் சந்தையும் பெட் சமுத் கோயிலும், பிறகு பாங் குங், மதியம் ஓய்வு, மாலையில் அம்ப்பவா. அறையைக் கால்வாயைப் பார்த்த மரவீட்டில், தரைத்தளத்தில் கேளுங்கள்.

அப்படித் தங்கினால்தான் சனிக்கிழமை விடியல் உங்களுக்குக் கிடைக்கும். ஆறு மணிக்கு மேல், பனி இன்னும் நீர்மேல் கிடக்கும்போது, காவியுடை அணிந்த பிக்கு தாமே சிறு படகைத் துடுப்பால் வலித்துக்கொண்டு வீடுவீடாக வருவார். முந்தின இரவே விடுதி அம்மாவிடம் சொல்லி வைத்தால் சுடுசோறும் பழமும் ஒரு தட்டில் தந்துவிடுவார். காலணியைக் கழற்றிவிட்டுப் படித்துறையில் மண்டியிட்டுக் காத்திருப்பது வழக்கம். முழங்கால் முடியாதவர் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். படகு நின்றதும், அவர் கையைத் தொடாமல், உணவைப் பாத்திரத்தில் வைத்துவிட்டுக் கைகூப்ப வேண்டும். அவர் பாலி மொழியில் வாழ்த்து ஓதி முடிக்கும் வரை பேசாமல் இருங்கள். பிறகு அவர் துடுப்பை ஊன்றி அடுத்த படித்துறைக்குப் போய்விடுவார்.